எடைமேடைக்காரரின் பூஜ்யம்

லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் டன். எடைமேடையில் வேலை பார்ப்பதால் வைத்தோம் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர் உடம்பைப் பார்த்த யாரும் அதை நம்பவில்லை. அவரும் நம்பவில்லை, ஆனாலும் சிரித்துவைப்பார். கண்ணாடி அறைக்குள் ஒரே நாற்காலி. லாரி மேடையேறும், திரையில் எடை நிற்கும், ஜன்னல் வழியே சீட்டுப் போகும், பின்னாலேயே லாரியும் போய்விடும். நாள் முழுக்க ஆட்கள் வந்தாலும் உட்கார்ந்து பேச ஒருவர் கிடையாது.

சக்கரங்கள் கொண்டுவரும் சேறு மேடையில் அப்பிக் காயும். காலியாக நிற்கும்போதே திரை சில கிலோ காட்டும். குனிந்து சுரண்டி எடுப்பதுதான் முறை. ஆனால் குனிந்தால் வயிறு மேலேறி அவருக்கு நெஞ்சை அடைத்தது. ஆகவே காலையில் வந்ததும் பூஜ்யப் பொத்தானை அழுத்திவிடுவார். திரை சுத்தமாகிவிடும், சேறு அங்கேயே இருக்கும்.

உறவென்று பக்கத்தில் இருந்தது அக்கா மட்டும். லிஃப்ட் இல்லாத கட்டடம், மூன்றாவது மாடி. ஞாயிறு மதியச் சாப்பாடு அங்கேதான் என்று வருஷக்கணக்காக இருந்தது. முதலில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் செருப்பைச் சரிசெய்வதுபோல நின்றார். பிறகு முதல் மாடியிலேயே செல்போனைப் பார்ப்பதுபோல நின்றார். அப்புறம் போவதையே விட்டார். லோடு அதிகம், மாற்றாள் வரவில்லை என்று வாய்க்கு வந்த சாக்கைச் சொன்னார்.

அக்கா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். கடைசியாக அவர் வந்திருந்தபோது, "மச்சானுக்குக் கை இல்லாத நாற்காலியாப் போடு, போன தடவை மாட்டிக்கிட்டாரு" என்று அவள் கணவர் சிரித்திருந்தார். தம்பிக்கு அதுதான் சுட்டுவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டாள்.

"இந்த ஞாயித்துக்கிழமையும் வரலைன்னா, இனிமே நான் கூப்பிடமாட்டேன்டா," என்றாள் போனில். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரை உலுக்கியது.

தூசியால் வந்த இளைப்பு, ஒரு மருந்தில் சரியாகிவிடும் என்று நினைத்து மறுநாளே டாக்டரம்மாவிடம் போனார். டாக்டரம்மா இதயத்தையும் நுரையீரலையும் சோதித்து, இரண்டிலும் குறையில்லை என்றார். நெஞ்சிலும் வயிற்றிலும் சேர்ந்த கொழுப்பு நுரையீரலை முழுதாக விரியவிடுவதில்லை. இத்தனை பாரத்தைச் சுமந்து நடக்க உடம்புக்குக் காற்றும் கூடுதலாக வேண்டும். எடை கொஞ்சம் குறைந்தாலும் மூச்சு லேசாகும், மெதுவாக நடக்கத் தொடங்குங்கள் என்றார். பிறகு, எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார்.

எப்பவும் இருப்பதுதான் என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். பேசிக்கொண்டே நடக்க முடியாமல் போனது, குளித்துத் தலை துவட்டி முடிப்பதற்குள் உட்காரவேண்டி வந்தது. ஒவ்வொன்று வந்தபோதும் பொத்தானை அழுத்திவிட்டு, அதையே தொடக்கமாக வைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போனார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு முட்டியது. செருப்பைத் தொடவில்லை, படியிலேயே உட்கார்ந்து போன் செய்தார்.

"அக்கா, வந்துட்டேன். நடுவுல உக்காந்திருக்கேன்."

அவள் இறங்கி வந்து, வியர்த்த சட்டையையும் ஏறி இறங்கும் மார்பையும் பார்த்தாள்.

"அவர் பேசினதுக்குக் கோவம்னு நெனச்சேனே."

"கோவம் இல்லக்கா. மூச்சுதான் இல்ல."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலிருந்து அவள் கணவர், மச்சான் வந்தாச்சா என்று குரல்கொடுத்தார்.

"வந்துட்டான்," என்றாள். "சாப்பாட்ட மூடி வைங்க. மெதுவா வருவோம்."