குர்பான் கத்தி

கத்தி எதன் குறியீடு என்று டீச்சர் கேட்டார். உயர்தர வகுப்பில் ஒரு முஸ்லிம் குடும்பத்தைப் பற்றிய நாவலைப் படித்துக்கொண்டிருந்தோம். அதில் வருகிற வாப்பா ஒரு பழைய கத்தியைச் சாகும்வரை பெட்டியில் பூட்டி வைத்திருப்பார். வன்முறை என்றாள் ஒருத்தி. குடும்ப மானம் என்றாள் இன்னொருத்தி. டீச்சர் எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட்டு, வகுப்பில் இருந்த ஒரே முஸ்லிம் பிள்ளையான என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எறச்சி வெட்டுறதுக்கு, டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு கத்தி இருந்தது. லிந்துலையில் வாப்பாவின் கடைக்குப் பின்னால்தான் வீடு. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்துக் குர்பான் கொடுக்க வருடத்தில் ஒரு தடவை மட்டும் இறங்குகிற நீளக் கத்தி அது. மற்ற நாளெல்லாம் குசினிக் கதவுக்கு மேலே சாக்கில் சுற்றித் தொங்கும். மேல் லயத்தில் இருக்கிற தேயிலைத் தோட்டத்து இந்துக் குடும்பங்களுக்கும் ஒரு பங்கு போகும் என்பதால் வாப்பா மாடு அறுக்கமாட்டார், ஆடுதான். இறைச்சிப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் சாச்சாவும் லயத்துக்கு ஏறுவோம். சாச்சா வாப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். பள்ளிவாசலில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பார். உம்மா குவைத்துக்கு வேலைக்குப் போயிருந்ததால் சோறாக்குவது சாச்சா. எனக்கு இரட்டைச் சடை பின்னி ரிபன் கட்டிவிடுவது வாப்பா.

எனக்குப் பதினொரு வயதானபோது ஈஸ்டர் அன்றைக்குத் தேவாலயங்களில் குண்டு வெடித்தது. வெடிக்க வைத்தவர்களின் பெயர்கள் எங்கள் பெயர்களைப் போல இருந்தன. அவ்வளவுதான். பெருநாளைக்கு எங்கள் இறைச்சியைச் சமைத்தவர்கள் எங்கள் கடையைத் தாண்டிப் போய் அடுத்த கடையில் மா வாங்கினார்கள். வாப்பா தாடியை மழித்தார். கல்லாவுக்கு மேலே இருந்த அரபு எழுத்துப் படத்தைக் கழற்றினார். வீடு வீடாகச் சோதனை வருகிறது, வாள் கத்தி இருந்தால் ஆளைப் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சாக்கையும் இறக்கினார்.

சாச்சா மட்டும் அசையவில்லை. "நாநா, அது குர்பான் கத்தி. இருந்த எடத்துலயே ஈக்கட்டும். ஒளிச்சாத்தான் பிழ."

"ஒனக்கென்ன. எனக்குக் கட ஈக்கி, புள்ள ஈக்கி" என்றார் வாப்பா.

அந்தப் பிள்ளையின் கையில்தான் மறுநாள், சாச்சா பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கத்தியைக் கொடுத்தார். சின்னப் பிள்ளையை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள், ஆற்றில் போட்டுவிட்டு ஓடி வா என்றார். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. தான் தூக்கப் பயந்ததை மகளின் கையில் கொடுக்க ஒரு மனிதருக்கு எப்படி மனம் வந்தது?

பாதி வழிதான் போனேன். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி அறுக்கிற கத்தியை ஆற்றில் எறிவது பாவமாகப் பட்டது. வீட்டிலேயே இருக்கட்டும் என்று சாச்சா சொன்னதும் காதில் நின்றது. சாக்கு அவிழ்ந்து அவிழ்ந்து வந்ததால் சடையிலிருந்த ஒரு பச்சை ரிபனை உருவி அதை இறுகக் கட்டினேன். திரும்பக் கதவுக்கு மேலே மாட்டினால் வாப்பா பார்த்துவிடுவார் என்று, பின்வழியாக வந்து சாச்சாவின் மெத்தைக்கு அடியில் வைத்தேன். ஆற்றில் போட்டுவிட்டதாக வாப்பாவிடம் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அடுத்த நாள் காலை பொலிஸும் ஆமியும் வந்தார்கள். அப்போது ஒற்றைச் சடையும் மிச்சமிருந்த ஒரு பச்சை ரிபனுமாக நின்றேன். குசினியில் கிடந்த கத்திகளை எடுத்துப் பார்த்து, பேசாமல் திரும்ப வைத்துவிட்டார்கள். மெத்தையைப் புரட்டியபோதுதான் குரல்கள் மாறின. கதவுக்கு மேலே தொங்கியிருந்தால் அதுவும் ஒரு கத்திதான். ஒளித்து வைத்ததால் ஆயுதமாகிவிட்டது.

"மேக்க காகெத?" யாருடையது என்று சார்ஜன் சிங்களத்தில் கேட்டார்.

வாப்பா தரையைப் பார்த்தார். சாச்சா சாக்கில் கட்டியிருந்த ரிபனைப் பார்த்தார், பிறகு என் சடையைப் பார்த்தார்.

"மகே, சார்" என்றார். என்னுடையது என்று.

எனக்குச் சாச்சாமேல் ஆத்திரம் வந்தது. பொய் சொல்லக்கூடாது என்று எனக்கு ஓதிக்கொடுத்தவர், வாப்பாவின் கத்தியைத் தன்னுடையது என்கிறாரே என்று. வாப்பாவை நினைத்தால் நெஞ்சு நிறைந்துபோனது. கத்தியை என்னிடம் கொடுத்தது அவருக்குத் தெரியும், நான் பொய் சொன்னதும் இப்போது தெரிந்துவிட்டது. அப்படியிருந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் நிற்கிறாரே என்று நினைத்தேன். சாச்சாவை ஏற்றிக்கொண்டு ஜீப் போனபிறகு வாப்பாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "யார்ட்டயும் வாயத் தொறக்காத" என்றார். நான் திறக்கவில்லை.

பதினொரு மாதம் கழித்துச் சாச்சா ஜெயிலிலிருந்து வந்தார். வாப்பா வாசலுக்கு வரவில்லை. சாச்சா தன் உடுப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு, என் சடையை லேசாக இழுத்துவிட்டு, டயகம பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

வாப்பா அன்றைக்கு வாயைத் திறக்காதது என்னைக் காப்பாற்றத்தான் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். பதினொரு வயதுப் பிள்ளையை யாரும் ஜீப்பில் ஏற்றமாட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வாப்பாவுக்குத் தெரியும். அது தெரிந்துதானே கத்தியை என் கையில் கொடுத்தார்.