கொருக்குப்பேட்டை வரை ஒரு முத்தம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகள் என்னைக் கொலைகாரன் ஆக்கிவிட்டாள். அவள் மேல் குற்றமில்லை. அவள்பாட்டுக்குச் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு ஒரு ஜப்பான் படக்கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். மங்கா என்கிறார்கள். சும்மா இருக்கத் தெரியாத நான் அதைப் பிடுங்கி, விவரம் தெரிந்தவன்போல முதல் பக்கத்தைத் திறந்தேன்.

"அப்பா, அது கடைசிப் பக்கம். மங்காவப் பின்னாடிலேர்ந்துதான் படிக்கணும். கட்டத்தையும் வலது பக்கத்துலேர்ந்து."

"எல்லா மங்காவுமா?"

"ஜப்பான்ல அச்சடிச்சது எல்லாமே அப்டித்தான். இதுகூடத் தெரியாதா உனக்கு?"

தெரியாது. புத்தகத்தை அவள் மடியில் வைத்துவிட்டு நேராகக் குளியலறைக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். மனைவி கதவைத் தட்டி, "இன்னா, வயிறு சரியில்லியா?" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? தலை நரைத்து, காலையில் ரத்த அழுத்த மாத்திரையும் போட்டுக்கொண்ட ஆள், ஒரு படக்கதையை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்று தெரிந்த மாத்திரத்தில், எட்டு வயதில் தன் மாமாவைத் தானே சாகடித்துவிட்டோமோ என்று வியர்த்து உட்கார்ந்திருக்கிறான் என்று பெண்டாட்டியிடம் சொல்லலாமா?

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டி இருந்த எங்கள் ஒன்றரை அறை வீட்டில் அந்த அரை அறை அவருடையது. ஹார்பரில் வேலை. சரக்கை இறக்கி முடித்த கப்பலின் அடித்தட்டில் இறங்கி, மிச்சம் மீதியைக் கூட்டி அள்ளுவது. கந்தகம் வந்த அன்று மஞ்சளாக வீடு திரும்புவார், கரி வந்த அன்று கறுப்பாக. வாசலில் நிற்கும்போதே ஆளைப் பார்த்து, இன்றைக்கு என்ன கப்பல் என்று நான் சொல்லிவிடுவேன். அப்புறம் அந்த நிறமெல்லாம் என் சட்டையிலும் ஏறும்வரை என்னை மடியில் வைத்துக்கொண்டிருப்பார். அம்மா கத்துவாள்.

ஒருநாள் அவர் சட்டைக்குள்ளிருந்து செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் வந்தது. ஜப்பான் கப்பலில் யாரோ மாலுமி தூக்கிப் போட்டது. அட்டை இல்லை. கொஞ்சம் பக்கங்கள் ரோஜா நிறம், கொஞ்சம் பச்சை. எழுத்தெல்லாம் தீக்குச்சிகளைக் கொட்டிவிட்டதுபோல இருந்தது. மாமாவுக்குத் தமிழே தட்டுத்தடுமாறித்தான் வரும் என்பதால், ஜப்பான் பாஷை தெரியாததை அவர் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. படம் பார்த்துக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். வாரப் பத்திரிகையாக இருந்தாலும் பஞ்சாங்கமாக இருந்தாலும் நாம் எப்படிப் படிப்போமோ அப்படி, இடது பக்கத்திலிருந்து.

பக்க எண்கள் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கிக்கொண்டே போவதை நான் கண்டுபிடித்தேன். மாமா அசரவில்லை. "ஜப்பான்காரன் ராக்கெட்டு வுடுற மாதிரிதான்டா எண்ணுவான். பூஜ்யம் வந்தா கதை டமால்னு முடிஞ்சிடும்."

எங்கள் கணக்கில் கதை இப்படி. முதலில் எரிந்துபோன ஓர் ஊர். அதன் நடுவே ஒரு மொட்டைச் சாமியார், கையில் சின்னப் பெட்டியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். பெட்டிக்குள் யாரோ ஒரு மகானின் விரல் எலும்பு. பாயில் ஒருவன் செத்துக் கிடக்கிறான். சாமியார் எலும்பை எடுத்து முத்தமிடுகிறார். அடுத்து, அதே உதட்டால் பாயில் கிடப்பவன் நெற்றியில் முத்தமிடுகிறார். அவன் கண் திறக்கிறான். எழுந்து உட்கார்ந்து பெண்டாட்டியோடு சோறு தின்கிறான். இப்படியே ஒவ்வொருவராக எழுப்பிவிட்டு, கடைசியில் ஊர் முழுக்கச் சிரித்து விளையாடுகையில், சாமியார் பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு மலைப்பாதையில் தனியாகப் போய்விடுகிறார். நடுநடுவே பிழைத்தவன் மறுபடி செத்து மறுபடி பிழைப்பான். "தூக்கக் கலக்கம்" என்று மாமா அதைச் சமாளிப்பார். சாமியாருக்குக் குரலும் கொடுப்பார்: "எயுந்திரிங்கடா சோம்பேறிங்களா! இன்னாத்துக்கு அயுதுகினு கீறீங்க? அதான் நான் வந்துட்டேன்ல!"

எலும்பு முத்தத்துக்கும் நெற்றி முத்தத்துக்கும் நடுவில் மட்டும் ஒரு பேச்சுக்குமிழ்கூட இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"வாயைத் தொறந்தா பவர் பூடும்டா" என்றார் மாமா.

இப்போது மகளின் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கிறேன். பாதி மங்காவில் கதை நகராமல் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் ஒரு சாமியாரையோ கன்னியாஸ்திரியையோ இறக்கிவிடுகிறார்கள். கையில் ஒரு பல், ஒரு மண்டை ஓடு, பெட்டிக்குள் விரல். அதை எடுத்தால் உலகம் அழியும், அல்லது பிழைக்கும். அந்தத் துண்டு எலும்பு இல்லாவிட்டால் கதாசிரியருக்குப் பிழைப்பில்லை. ஆனால் எட்டு வயதில் எனக்கு அது கதையை உருட்டும் சக்கரம் என்று தெரியாது. மருந்து என்றே நம்பினேன்.

மருந்து வேண்டியிருந்தது. அந்த மழைக்காலத்தில் மாமா படுத்துவிட்டார். காசநோய் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. எனக்குச் சொல்லப்பட்டது "மார்ச்சளி". பெரிய ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் வைத்திருந்து, வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அரை அறையில் பாய். அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அந்த டம்ளரைக்கூட அவரால் தூக்க முடியாது, அம்மாதான் பிடித்துக் கொடுப்பாள். நான் வாசற்படியில் தலையை நீட்டினால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "அந்தாண்ட போடா" என்பார். மடியில் வைத்துக் கதை சொன்ன வாய் அது. நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

அம்மா நேர்ந்துகொள்ளாத சாமி இல்லை. அம்மனுக்குக் கூழ், தர்காவுக்குச் சர்க்கரை. கடைசியில் ராயபுரத்தில் ஒரு மாதா கோயில் திருவிழாவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். அன்று புனிதர் ஒருவரின் எலும்பை வெளியே எடுப்பார்களாம். அருளிக்கம் என்று அதற்குப் பெயர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பெட்டி ராயபுரத்திலா இருக்கிறது?

வரிசை நகர்ந்தது. தங்க முலாம் பூசிய தண்டு, அதன் உச்சியில் வட்டக் கண்ணாடி. சாமியார் நீட்ட நீட்ட ஒவ்வொருவராக முத்தமிட்டார்கள். முத்தி செய்வது என்பார்கள். பக்கத்தில் நின்ற கோயில் ஆள் ஒவ்வொரு முத்தத்துக்குப் பிறகும் வெள்ளைத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்: "வூட்ல படுத்துகினு கீறவங்களுக்காவ நீங்களே முத்தி பண்ணிக்கலாம். சீக்கிரம், சீக்கிரம், நகருங்கோ."

கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன். நொய்யரிசி மாதிரி ஒரு துணுக்கு. புத்தகத்தில் முழு விரல் இருந்ததே என்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. நம் ஊரில் ஜனம் அதிகம், ரேஷன் போட்டிருப்பார்கள் என்று சமாதானம் செய்துகொண்டு முத்தமிட்டேன். உதட்டை இறுக மூடினேன். இனி இது மாமாவின் நெற்றியில்தான் திறக்கும்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எத்தனை பெரிய காரியம் என்று புரியும். நான் தூக்கத்திலும் பேசுகிற பிள்ளை. பஸ்ஸில் அம்மா வழக்கம்போல, "இவனுக்கு அஞ்சுகூட முடியலபா" என்று கண்டக்டரிடம் சொன்னாள். மற்ற நாளாக இருந்தால், "எட்டு!" என்று நானே கத்தி மானத்தை வாங்கியிருப்பேன். அன்று மூச்சு விடவில்லை. அம்மா முகத்தில் பெருமிதம். கண்டக்டர் விடவில்லை.

"இன்னாடா, எத்தினியாவது படிக்கிற?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஊமையாம்மா?"

"ஆமாபா" என்றாள் அம்மா, கொஞ்சமும் கூசாமல்.

இறங்கியதும் பரிசாக வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள். நான் தலையாட்டி மறுத்தேன். அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. "வாயைத் தொற. இன்னாத்த முயுங்குன? காசு கீசு முயுங்கிட்டியா?" என்று தாடையைப் பிடித்து அழுத்தினாள். நான் திமிறினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்க, எனக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து, கண்ணில் நீர் வழிய, அந்தத் தும்மலை அப்படியே விழுங்கினேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற சேக்காளி ஒருவன், "இன்னா மாமு, வாயில கொயுக்கட்டையா?" என்று கத்தினான். அவனுக்குப் பதில் சொல்லாமல் நான் வீடு வந்த ஒரே நாள் அதுதான். அம்மா எனக்கு ஏதோ காத்துக் கருப்பு பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டி, திருஷ்டி கழிக்க உப்பு தேட அடுப்படிக்கு ஓடினாள்.

அதுதான் சமயம். அரை அறைக்குள் நுழைந்தேன். மாமா கண்ணை மூடிக் கிடந்தார். நெஞ்சுக்கூடு மட்டும் ஏறி இறங்கியது. மஞ்சளும் இல்லை, கறுப்பும் இல்லை, எந்தச் சரக்கின் நிறமும் அவர் மேல் இல்லை. மண்டியிட்டுக் குனிந்தேன். நெற்றிக்கும் என் உதட்டுக்கும் ஒரு விரற்கடை இருந்திருக்கும். மாமா கண்ணைத் திறந்தார்.

அந்த விழிப்பை எப்படிச் சொல்வது? புத்தகத்தில் இருந்ததுபோலவே கண் பெரிதாகத் திறந்தது. ஒரு கை துண்டை வாயில் திணித்தது. இன்னொரு கை என் நெஞ்சில் விழுந்து என்னைத் தூக்கி எறிந்தது. போய்ச் சுவரில் மோதினேன். "மாமா!" என்று அலறிவிட்டேன். அவ்வளவுதான். ராயபுரத்திலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று.

"இவன இட்டுகினு போக்கா!" என்று துண்டுக்குள்ளிருந்து கத்தினார் மாமா. "கிட்ட வுடாதேன்னு எத்தினி தபா சொல்றது! கிட்ட வராதடா... வராதடா..." மிச்சத்தை இருமல் தின்றுவிட்டது.

மறுநாள் மதியம் அவர் போய்விட்டார்.

வாளிமேல் உட்கார்ந்து நான் எனக்கே வக்கீலாக வாதாடியது இதைத்தான். புத்தகத்தைச் சரியான பக்கத்திலிருந்து படித்தால் என்ன ஆகிறது? மலைப்பாதையில் வந்து, நன்றாக இருந்த ஊருக்குள் நுழைகிறான் மொட்டைச் சாமியார். சோறு தின்றுகொண்டிருந்தவன் நெற்றியில் முத்தமிடுகிறான். அவன் சாய்கிறான். ஒவ்வொருவராக எல்லோரும் சாய, ஊர் எரிய, இவன் நின்று சிரிக்கிறான். ஒரு கொலைகாரனை நானும் மாமாவும் ஆறு மாதம் கொண்டாடியிருக்கிறோம். அவன் செய்ததைத்தான் நான் செய்யப் போனேன். ஆனால் கனம் நீதிபதி அவர்களே, முத்தம் போய்ச் சேரவில்லை. ஒரு விரற்கடை பாக்கி. ஜப்பான் சட்டப்படியும் கேஸ் நிற்காது. தள்ளுபடி.

விடுதலையான ஆளாக எழுந்து முகம் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன். குழாயை மூடக் கை வரவில்லை.

மாமாவின் கை டம்ளரைக்கூடத் தூக்க முடியாத கை. அந்தக் கைக்கு என்னைத் தூக்கி எறிய மட்டும் எங்கிருந்து பலம் வந்தது என்று எட்டு வயதில் எனக்கும் ஆச்சரியம்தான். அத்தனை கோபமா என்மேல் என்று நினைத்தேன். மேளம் அடித்தார்கள், ஹார்பர் ஆட்கள் வந்தார்கள், மாலை போட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. "கல்லு மாரி கீறான் பாரு" என்று யாரோ சொன்னார்கள். மாமாவை வாசலில் கிடத்தி, வாய்க்கரிசி போட ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என் முறை வந்தது. நான் கதவு நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இழுத்தார்கள். விடவில்லை.

அம்மா எழுந்து வந்தாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், வந்தவர்களுக்கு டீ முதற்கொண்டு பார்த்துப் பார்த்துக் கவனித்துக்கொண்டிருந்தவள். என் கையில் அரிசியைத் திணித்து, "மாமாகிட்ட போடா" என்றாள்.

"நான் போமாட்டேன். கிட்ட வராதேன்னு மாமாதான் சொல்லிச்சி" என்றேன்.

அம்மா அங்கேயே, படியிலேயே, சரிந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் அரிசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா சொன்னபடிதானே கேட்கிறேன், நல்ல பிள்ளையாகத்தானே இருக்கிறேன், இதற்குப் போய் இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.