கீழே வெட்டிய இரண்டு அங்குலம்

"இதுக்குக் கீழ இன்னொரு துண்டு இருந்திருக்கணும்ங்க. அது எங்க?"

பதுளை பஜாரில் நான் வேலை பார்த்த அச்சுக்கடைக்குள் வந்து அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். விலை கேட்கவில்லை. நாங்கள் அடித்து விற்ற படம் ஒன்றைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். குடையிலிருந்து நீர் சொட்டியது. என் முன்னால் கட்டிங் மெஷினில் வேறொரு படம் அளவு பார்த்து வைத்தபடி கிடந்தது. கத்தியை இறக்கவிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

அச்சு வேலைக்கும் பிரேம் வேலைக்கும் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தத் தொழிலில் பதினெட்டு வருடம் இருந்த பிறகும் எனக்குத் தெரியாத ஒன்றை அன்று தெரிந்துகொண்டேன்.

1. பழைய விளம்பரம்

பக்கத்து ஊரான எல்லவுக்குச் சுற்றுலா வரும் வெளிநாட்டுக்காரர்கள் பழைய விளம்பரப் படங்களை விரும்பி வாங்குகிறார்கள் என்பதை முதலாளிதான் கண்டுபிடித்தார். சவர்க்காரம், பற்பொடி, குடை, தேயிலை. மூடிய கடைகளின் பின்னறைகளிலிருந்து பழைய பேப்பர்க்காரர் கொண்டுவரும் கட்டுகளில் இவை கிடைக்கும். நான் ஸ்கேன் பண்ணிக் கறை நீக்கி, நிறம் ஏற்றி, அச்சடித்து, பிரேம் போட்டுக் கொடுப்பேன். இப்படி நாற்பது படங்கள் வரை செய்தோம்.

இவை யாருடையவை என்று நாங்கள் கேட்டதே இல்லை. கம்பனி மூடிவிட்டால் படத்துக்கும் சொந்தக்காரன் இல்லை, கடதாசியைக் காசு கொடுத்து வாங்கினால் படமும் நம்முடையது. எங்கள் தொழிலில் எல்லோரும் நம்பிய இரண்டு சட்டங்கள் இவை. எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை.

அதிகம் விற்றது கம்பளி விளம்பரம். எப்போதோ மூடிய ஒரு ஜவுளிக்கடைக்காக வரைந்தது. மழை சாய்வாக விழும் மலை. தலையோடு கம்பளியைப் போர்த்திய ஒரு பெண், தேயிலைக் கொழுந்தெடுக்கும் கையை நிறுத்தி, நம்மைத் திரும்பிப் பார்க்கிறாள். அந்த மழையை வரைந்தவன் மழையில் நின்றவன். இதைப் பலமுறை நினைத்திருக்கிறேன், ஆனால் யார் அவன் என்று ஒருமுறையும் யோசித்ததில்லை.

எங்கள் ஸ்கேனர் ஏ3 அளவு. அந்தப் படம் அதைவிட இரண்டு அங்குலம் நீளம். இரண்டு பகுதியாக ஸ்கேன் பண்ணிக் கணினியில் ஒட்டலாம், அரை மணி நேர வேலை. கீழே வெட்டிவிட்டால் ஒரு நிமிடம். பிரேமும் ஏ3தானே? வெட்டினேன். நகலை அல்ல, மூலப்படத்தையே. அந்த ஓரத்தில் ஏதோ சின்ன எழுத்துகள் இருந்தன. அச்சகத்தின் பெயராக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். வாசிக்கவில்லை.

2. ஒரு பஸ் தூரம்

அந்த அம்மாவின் பெயர் செல்வராணி. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தபாற்கந்தோரில் வேலை. பெரகலச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது தேநீர்க்கடைச் சுவரில் இந்தப் படத்தைக் கண்டாராம். வரைந்தது அவருடைய அப்பா. தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலைப் பெட்டிகளுக்கு எழுத்து அடிக்கும் வேலை செய்தவர், வீட்டில் இருக்கும் நேரத்தில் வரைவார். மகள் பிறப்பதற்கு முன்பே இந்தப் படத்தை வரைந்து பஜாரில் கொடுத்தாராம். வீட்டில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. கதை மட்டும் இருந்தது.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் அன்று பயந்துவிட்டார். பயந்தால் அவருக்கு வாய் நீளும்.

"அந்தக் கடையே இல்லம்மா. கடைக்காரங்க ஊரவிட்டுப் போயி ஒரு தலமுறை ஆச்சு. யாருகிட்ட போயி பர்மிஷன் கேக்கிறது, ஆலமரத்துக்கிட்டயா?"

"வரைஞ்சவரு எங்கயும் போகலீங்க. மூணு வருஷத்துக்கு முந்தி சாகுற வரைக்கும் ஸ்பிரிங்வெளியிலதான் இருந்தாரு. ஒரு பஸ் தூரம். மருந்து எடுக்க இந்த பஜார் வழியாத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து போனாரு."

நூறு வருடத்துக்கு முந்திய யாரோ என்று நினைத்த மனிதர், நான் அவருடைய படத்தை விற்றுக்கொண்டிருந்த நாட்களில், இதே ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து போயிருக்கிறார். எங்கள் கடை வாசலைக் கடந்திருக்கிறார்.

படத்தில் இருப்பது தன் அம்மா என்றார் செல்வராணி. முதலாளி சிரித்தார்.

"கம்பளியப் போட்டா தோட்டத்து லயத்துல எல்லாப் பொம்பளையும் இப்படித்தாம்மா இருப்பாங்க."

"ஆமாங்க. அதனாலதான் அப்பா கீழ தன் பேரோட அம்மா பேரையும் எழுதுனாரு."

செல்வராணி சுருளை மேசையில் விரித்து, படத்தின் கீழ் விளிம்பைத் தொட்டுக் காட்டினார்.

அவர் ஏற்கெனவே ஒரு சட்டத்தரணியிடம் கேட்டிருந்தார். கடை மூடியதால் படத்தின் உரிமை சாகாது. வரைந்தவர் அந்தக் கடையில் சம்பளத்துக்கு இருந்தவரும் இல்லை, உரிமையை எழுதிக் கொடுத்தவரும் இல்லை என்றால், அது அவருடையது. அவர் இறந்தும் எழுபது வருடம் பிள்ளைகளுக்கு. ஆனால் வரைந்தவர் இவர்தான் என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது பெயரில்லாத படம். இதைச் சொல்லிவிட்டு, அப்பா எழுதிய பழைய கடிதங்கள் சிலவற்றை மேசையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் கையொப்பத்துக்கு மேலே பச்சை மையில் ஒரு சின்னக் கொழுந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும்.

இனி அப்பா பெயரோடுதான் படம் வர வேண்டும், கேட்காமல் விற்கக்கூடாது. அவர் கேட்டது இவ்வளவுதான். முதலாளி, படத்தில் பெயர் இருந்ததற்கு ஆதாரம் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

3. பச்சைப் புள்ளி

செல்வராணி போனதும் கணினியைத் திறந்தேன். விற்பனைக்குத் திருத்திய படத்தை விட்டுவிட்டு, முதல் ஸ்கேனை எடுத்துக் கீழ் ஓரத்தைப் பெரிதாக்கினேன். பெரிதாக்கிக்கொண்டே போனேன். வெட்டிய விளிம்பில், சோற்றுப் பருக்கை அளவுக்கு, ஒரு பச்சை முனை. மொட்டின் நுனி.

அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பூஞ்சணம் என்று நினைத்து நானேதான் துடைத்தேன். பெயரைக் கத்தியால் எடுத்தேன், மிஞ்சிய நுனியை மவுஸால் எடுத்தேன். இரண்டும் ஒரே கை.

முதலாளி பின்னால் வந்து நின்று பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"அத அழிச்சிரு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த அம்மாவுக்குக் குடுத்தா மிச்ச முப்பத்தொம்பதுக்கும் ஆளு வரும்ப்பா."

நான் அழிக்கவில்லை. மறுத்துப் பேசவும் இல்லை. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, அடுத்த நாள் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறினேன்.

4. சத்தியக் கடதாசி

தபாற்கந்தோர் ஜன்னலுக்கு வெளியே நின்று, "நான்தாங்க வெட்டுனேன்" என்றேன். செல்வராணி முத்திரை குத்திக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். படத்தில் அவருடைய அம்மா நிறுத்தியிருப்பது போலவே. திட்டுவார் என்று நின்றேன்.

"வெட்டுன துண்டு?" என்று மட்டும் கேட்டார்.

பிரேமுக்குள் கண்ணாடி ஆடாமல் இருக்க, வெட்டிய ஓரங்களை மடித்துப் பின்பலகைக்கும் படத்துக்கும் இடையில் செருகுவது எங்கள் கடை வழக்கம். பழைய கடதாசி தடிப்பு, அதற்கு நல்லது. அந்தத் துண்டையும் ஏதோ ஒரு பிரேமுக்குள் நான்தான் செருகியிருப்பேன். எதற்குள் என்று தெரியாது. அதைச் சொன்னபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூலப்படத்தில் கீழே எழுத்து இருந்தது, வெட்டியது நான், மிஞ்சிய நுனியைத் துடைத்ததும் நான், அனுமதி கேட்காமல் விற்றோம். எல்லாவற்றையும் சத்தியக் கடதாசியாக எழுதினேன். கையெழுத்து வாங்கிய சமாதான நீதவான் இரண்டு தடவை வாசித்துவிட்டு, "நீயே ஒன்னயப் புடிச்சுக் குடுக்கிறியேப்பா" என்றார். ஆமாங்க என்றேன்.

அந்தக் கடதாசியும் கடிதங்களும் பச்சை நுனியும் சேர்ந்தபோது முதலாளி வாதாடவில்லை. கம்பளிப் படத்தில் இப்போது வரைந்தவர் பெயர் அச்சாகிறது, செல்வராணியின் அனுமதியோடு. என்னைத் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

இப்போது பதுளை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் பிரேம் போடுகிறேன். படம் வந்தால் முதலில் கீழ் ஓரத்தை வாசிக்கிறேன், அளவு பிறகுதான். கட்டிங் மெஷின் வைத்துக்கொள்ளவில்லை. ஸ்கேனரைவிட நீளமான படத்தை வெட்டாமல் இரண்டு பகுதியாகவே ஸ்கேன் எடுக்கிறேன். யார் வரைந்தது என்று கேட்டுத் தெரியாவிட்டால் நகல் எடுப்பதில்லை. நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. நாங்கள் விற்ற பிரேம்கள் சில கண்ணாடி உடைந்து என்னிடம் திரும்பி வருகின்றன. பின்பலகையின் ஆணிகளை மெதுவாகக் கழற்றி, மடித்துச் செருகிய துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கிறேன். இதுவரை ஐந்து பெயர்கள் கிடைத்திருக்கின்றன. ஐந்தும் வேறு யாருடையவோ.