துப்பாக்கியைத் தொட்டுக் கும்பிட்ட சனிக்கிழமை

போன மாதம் ஆஸ்திரேலியாவின் கிரெய்கிபர்னில் எங்கள் வாடகை வீட்டின் பின்கதவை உடைத்து யாரோ உள்ளே வந்துபோனார்கள். நாங்கள் வேலையில் இருந்த நேரம். லேப்டாப் போனது, அதோடு என் தூக்கமும் போனது. உடனே கோயில் வாசலில் இலவச ஆலோசனை தொடங்கிவிட்டது. "அமெரிக்கால மாதிரி ஒண்ணு வாங்கி வச்சுக்கம்மா" என்றார் ஒரு அங்கிள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாதவர்கள்தான் இதைச் சத்தமாகச் சொல்கிறார்கள். ஆனால் எனக்கும் ஆத்திரம் இருந்தது. 'தற்காப்பு ரைபிள் பயிற்சி' என்று தேடினேன்.

இங்கே அப்படித் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தற்காப்பு என்று காரணம் காட்டி ஆஸ்திரேலியாவில் உரிமம் வாங்க முடியாது. தொலைபேசியில் கேட்டதும் ரைபிள் கிளப் பயிற்சியாளர் ஜில் சிரித்துவிட்டார். "காகிதத்தைச் சுட ஆசையிருந்தால் வா. மனிதரைச் சுடும் யோசனை இருந்தால் வராதே." அறுபது வயதுப் பெண்மணி, சுற்றி வளைக்கவே இல்லை. எனக்குப் பிடித்துவிட்டது. துப்பாக்கி வாங்கும் எண்ணம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பயமுறுத்தும் அந்தப் பொருளை ஒருமுறை என் கையால் இயக்கிப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். அரைநாள் அறிமுகப் பயிற்சிக்கு நூற்றைம்பது டாலர், தோட்டா உட்பட.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். கார் ஓட்டியது என்னோடு வீட்டைப் பகிரும் தாரணி. யாழ்ப்பாணத்துக்காரி, நர்ஸ். ஹியூம் நெடுஞ்சாலையில் சீமோர் தாண்டி, நாகாம்பி பக்கம், ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்.

"நீயும் சுடறியா?"

"ஐயோ, வேண்டாம். சின்னனிலை கேட்ட வெடிச்சத்தமே எனக்குக் காணும். நான் கோப்பி குடிக்கத்தான் வாறன்."

வழியெல்லாம் காய்ந்த புல்வெளி, செம்மறி ஆடுகள், ரோட்டோரம் கங்காரு ஒன்று. கிளப் வேலியைத் தாண்டினால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, எதிரே மண்மேடு. பயிற்சிக்கு வந்த ஏழு பேரையும் நிறுத்தி ஜில் விதிகளைச் சொன்னார். விரல் விசைக்கு வெளியே. குழல் எப்போதும் மேட்டைப் பார்த்து. முக்கியமானது இது: சுட வேண்டிய குறித் தாளை மாட்ட ஆட்கள் முன்னால் போயிருக்கும்போது எந்தத் துப்பாக்கியையும் யாரும் தொடக்கூடாது. தொட்டால் அந்த நிமிடமே வீட்டுக்கு.

எல்லாம் புரிந்தது. தலையும் ஆட்டினேன். முதல் ஆள் நான். மேஜைமேல் எனக்கான ரைபிள், தோட்டா இல்லாமல் திறந்து கிடந்தது. இரண்டு பேர் தாள் மாட்ட மேட்டுக்கு நடந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வலதுகையால் ரைபிளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஜில்லின் விசில் காதைக் கிழித்தது. எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

"விலகு. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போ."

போனேன். முகம் எரிந்தது. நூறு கிலோமீட்டர் வந்து, ஒரு தோட்டாகூடச் சுடாமல் திரும்ப வேண்டும். பின்னாலிருந்த பெஞ்சில் தாரணி கோப்பி சிந்தச் சிந்தச் சிரித்தாள்.

"உனக்கென்ன விசரோ? ஆயுத பூசைக்கோ வந்தனீ?"

"சும்மா இருடி. கை தானா போயிடுச்சு."

மேட்டுக்குப் போனவர்கள் திரும்பியதும் ஜில் என்னிடம் வந்தார். ஏன் தொட்டாய்? உண்மையைச் சொன்னேன். எங்கள் வீட்டில் எந்தக் கருவியையும் முதல்முறை எடுக்கும்போது தொட்டுக் கும்பிடுவோம். புது லேப்டாப், கார், தையல் மெஷின், எல்லாவற்றையும். மரியாதை.

"அங்கே நடந்துகொண்டிருந்த இரண்டு பேருக்கும் மரியாதை உண்டு" என்றார்.

என் வாழ்க்கையில் மேலதிகாரிகள் எத்தனையோ பேர் கத்தியிருக்கிறார்கள். நியாயத்தோடு கத்தியவர் இவர்தான். மற்ற ஆறு பேரும் சுட்டு முடிக்கும்வரை கோட்டுக்குப் பின்னாலேயே நிற்கவைத்தார். பிறகு எல்லா விதிகளையும் ஒப்பிக்கச் சொன்னார். ஒப்பித்தேன். என் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்தார்.

"சரி. வா."

பத்துத் தோட்டா. முதலாவது மண்ணுக்குப் போனது. மூன்றாவதில் மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விசையை மெல்ல அழுத்தினேன். தாளில் ஓட்டை! கத்திவிட்டேன். சுடும்போது அங்கிளும் இல்லை, திருடனும் இல்லை. ஒரு கறுப்பு வட்டமும் என் மூச்சும் மட்டுமே. ஏழு ஓட்டைகள் விழுந்தன. தாரணி தாளை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"பரவாயில்லையடி. நல்லாத்தான் சுட்டிருக்கிறாய்."

போகிறவர்களுக்கு: அடையாள அட்டை, மூடிய காலணி, தொப்பி கட்டாயம். காதுக்கவசம் அவர்களே தருவார்கள். உரிமம் இல்லாமல் மேற்பார்வையில் சுடும் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், முன்பே கேளுங்கள். துப்பாக்கி வாங்கினால் பயம் போகும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஆனால் ஒருநாள் போய்ச் சுட்டுப் பாருங்கள், சந்தோஷமாக இருக்கும்.

நாங்கள் காரில் ஏறும்போது மதியக் குழு வந்திருந்தது. ஜில் அதே விதிகளைச் சொன்னார். கடைசியில் புதிதாக ஒன்று சேர்த்தார்: "கருவியைக் கும்பிடும் வழக்கம் உள்ளவர்கள், நான் அனுமதி கொடுத்த பிறகு கும்பிடுங்கள். நான் காத்திருக்கிறேன்."

பின்வரிசையில் நின்ற நம் ஊர் முகம் ஒன்று, இரண்டு கைகளையும் அவசரமாகக் காற்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டது.