ஊசிக்குப் பிறகு சோறு

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி என்று புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சொன்னபோது நாங்கள் யாரும் நம்பவில்லை. ஐம்பதுகளில் அது பணக்கார வீட்டு வியாதி. எங்கள் வீட்டில் சர்க்கரையைக் கண்ணால் காண்பதே அபூர்வம். அக்காவோ எலும்பும் தோலுமாக இருந்தாள். தினமும் காலையில் ஊசி, அதன்பின் வேளாவேளைக்குச் சாப்பாடு என்றார் டாக்டர்.

"ஊசி நீங்க குடுக்குறீங்க. சாப்பாடு யாருங்கய்யா குடுப்பா?" என்று அம்மா கேட்டாள். டாக்டர் அம்மாவுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார். ஊசி போட்டுச் சாப்பிடாமல் வேர்த்து மயங்கினால் உடனே இனிப்பு கொடுக்கும்படி மட்டும் சொன்னார்.

மழை பொய்த்த வருஷம் அது. சோறு இல்லாத காலைகளில் அம்மா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பாள். போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம்.

பெரிய வெள்ளியன்று எங்கள் வேதக்காரத் தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. நோயாளிக்கு உபவாசம் வேண்டாம் என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்ததால், அம்மா ஊசி போட்டுவிட்டு முதல் நாள் கஞ்சியை அக்காவிடம் கொடுத்தாள். ஊரே பட்டினி கிடக்கும்போது தான் மட்டும் குடிக்க அவளுக்கு வெட்கம். குடித்துவிட்டதாகப் பொய் சொல்லிவிட்டுச் சிலுவைப்பாதைக்கு வந்துவிட்டாள்.

வெயில் ஏறியது. அக்கா உடம்பெல்லாம் வேர்த்து, கண் செருகி, சிலுவையடியில் சரிந்தாள். ஆண்டவர் அவளுக்குக் காட்சி கொடுக்கிறார் என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான், சுற்றிலும் எல்லாரும் முழந்தாள் போட்டுவிட்டார்கள். நானும்தான்.

அம்மா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். முந்தானையில் முடிந்திருந்த வெல்லத்தை நுணுக்கி அக்காவின் ஈறில் தேய்த்தாள். பெரிய வெள்ளியில் இனிப்பா என்று யாரோ முணுமுணுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அக்கா கண் திறந்து, "பசிக்குதும்மா" என்றாள். காட்சியை நம்பி மண்டியிட்ட எனக்கு அந்த வெல்லத்தைப் பார்த்துத்தான் புல்லரித்தது. அந்த ஆச்சரியம் இன்னும் அடங்கவில்லை.

ஈஸ்டர் காலைப் பூசை முடிந்ததும் தெருப் பெண்கள் அக்காவைத் தொட்டுக் கும்பிட வந்தார்கள். வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஆளுக்கு ஒரு கை அரிசியோ வரகோ கொண்டுவந்திருந்தார்கள். அம்மா மறைக்கவில்லை.

"காட்சியெல்லாம் இல்லத்தா. ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம வந்துட்டா. பசி மயக்கம்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பானையும் காலிதான், எனக்குத் தெரியும்.

"அதுக்கென்ன, பசிச்சவளுக்குத்தான குடுக்கணும்" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா தன் கையிலிருந்ததை முறத்தில் கொட்டினாள். மற்றவர்களும் கொட்டினார்கள்.

அரிசியும் வரகும் ஒரே உலையில் கொதித்தன. சோறு வெந்துவிட்டதென்று பார்த்தபிறகு அம்மா ஊசியை எடுத்தாள். அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கவில்லை.