இலை மூட்டைச் சேவை

ஆர்விட் ஹாகன் முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்றபின் அவருக்கு மிச்சமிருந்த ஆசை வீட்டுக்கு முன்னால் இருந்த ஸ்ட்ராபெரிப் பாத்தி ஒன்றுதான். மினசோட்டாக் குளிர் வருமுன் ஓக் இலைகளை அதன்மேல் ஒரு சாண் உயரம் பரப்பிவிடுவார். பரப்பாவிட்டால் வேர் செத்துவிடும்.

பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் அன்று மதியம் பல் மருத்துவரிடம் போய்விட்டுத் திரும்பினால், பாத்தி மொட்டையாகக் கிடந்தது. கதவில் ஒரு சீட்டு: ‘உங்கள் இலைகளை இலவசமாக வாரிவிட்டோம். அன்புடன், ஸ்வென்ட்சன் குடும்பமும் இளைஞர் சேவைக் குழுவும்.’

இவர்களை யார் கூப்பிட்டது?

ஸ்வென்ட்சன் வீட்டு ஹாலோவீன் ஊருக்கே தெரியும். தெரியாமலிருக்க வீட்டம்மா ட்ரூடி விட்டால்தானே! இந்த வருஷம் பூசணி முகம் அச்சடித்த ஆரஞ்சுப் பைகள் நாற்பது, வாசலெங்கும் இலை அடைத்து உட்கார்ந்திருந்தன. அலங்காரத்துக்கு அலங்காரம், இத்தனை மணி நேரம் ஊர்ச்சேவை செய்தேன் என்று கல்லூரி விண்ணப்பத்தில் காட்ட மகளுக்குக் கணக்கும் ஆயிற்று.

ஆர்விட் தள்ளுவண்டியோடு போய் நின்றார். சூனியக்காரித் தொப்பியில் ட்ரூடி ஓடிவந்தாள்.

“வாங்க சார்! நன்றி சொல்ல வந்தீங்களாக்கும்?”

“மண்ணாங்கட்டி நன்றி! என் இலையக் குடும்மா. இன்னிக்கே உறைபனி விழப்போவுது. பாத்தி செத்துரும்.”

“ஐயையோ, புள்ளைங்க மிட்டாய் வாங்க வர்ற நேரம். அலங்காரம் கெட்டுருமே! நாளைக்கு எடுத்துக்குங்களேன்.”

“நாளைக்கு எடுத்து என் தலையில கொட்டிக்கவா?”

மகள் பிரிட்டா ரத்தக் காட்டேரிப் பல்லைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: “அம்மா, நாமளே கொண்டுபோய்ப் போட்டா அதுவும் சேவைதானே? இன்னும் ரெண்டு மணி நேரம் சேரும்!”

அடடா, என்ன மூளை! ட்ரூடியின் முகம் மலர்ந்துவிட்டது. ஆறு பைகள் வண்டியேறின. பாத்தி மூடியதும் நாலு போட்டோ, பிறகு சேவைக்குச் சான்றாக ஒரு படிவம். ‘பெற்ற உதவி’ என்ற இடத்தில் ஆர்விட் அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார்: ‘கேட்காமல் திருடினார்கள். சண்டை போட்டபின் திருப்பித் தந்தார்கள்.’

ட்ரூடி கையெழுத்தை மட்டும் பார்த்தாள். “ரொம்ப நல்ல மனசு சார் உங்களுக்கு!”

வசந்தத்தில் பிரிட்டாவுக்குப் பள்ளியில் சேவைப் பதக்கம். அந்தப் படிவத்தைச் சட்டம் போட்டு ஸ்வென்ட்சன் வீட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். வந்தவர் போனவர் எல்லாரும் மெச்சினார்கள். படித்துப் பார்க்க ஒரு நாதி இல்லை.

ஜூனில் பழம் பழுத்தது. ட்ரூடி பெரிய கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

“எங்க இலையில வெளஞ்சதாச்சே, சார்!”

ஆர்விட் கதவைச் சாத்தினார். பறித்து வைத்திருந்த அத்தனையையும் ஜன்னலோரம் நின்று, அவள் பார்க்கப் பார்க்கத் தின்று தீர்த்தார்.