குளியலறைக் கதவும் திருச்செந்தூர் வண்டியும்

எங்கள் வீட்டுக்கு வயது மூன்று. கட்டும்போது குளியலறைக்குப் பிளாஸ்டிக் கதவே போதும் என்று இன்ஜினியர் சொன்னார். நான் கேட்கவில்லை. மனையில் நின்ற வேம்பை வெட்டிவிட்டுத்தான் அஸ்திவாரம் தோண்டியிருந்தோம். அந்த மரத்திலேயே கதவு செய்து மாட்டினால் வெட்டிய பாவம் பாதியாவது குறையும் என்று நம்பினேன். நிறைய புத்தகம் படித்தவனுக்கு இப்படியெல்லாம் தோன்றும். மரம் சரியாகக் காயவில்லை என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

போன புரட்டாசியில் அப்பா வந்தார். அம்மா போன பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், நாங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒருவழியாகச் சம்மதித்திருந்தார். அவருக்காகக் கீழ் அறையைத் தயார் செய்தேன். சுவர் அலமாரிக்கு நானே பெயிண்ட் அடித்தேன். கையில் ஒரே ஒரு பையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், "இருந்து பாக்கேன். சரிப்படலன்னா ஒங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன்," என்றார். அக்கா வீடு குரும்பூரில். பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். அதிலிருந்து எதையும் எடுத்து அவர் அலமாரியில் அடுக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பைதான் எனக்கு ஒரே கவலை.

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில், அப்பா அறையை ஒட்டிய கீழ்க் குளியலறைக் கதவு ஊதிக்கொண்டது. ஒருநாள் காலையில் அப்பா உள்ளே மாட்டிக்கொண்டார். அவர் உள்ளேயிருந்து இழுக்க, நான் வெளியிலிருந்து தள்ள, கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. "அப்பா, பயப்படாதிய!" என்று நான் போட்ட சத்தத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்து ஓடி வந்தார்கள். கடைசியில் கதவு திறந்தபோது, ஈரத் துண்டோடு அப்பா நின்றார். எதிரே ஒரு சிறு கூட்டம். யாரையும் பார்க்காமல் தன் அறைக்குப் போனார். அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

என் மனசு பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கடைத்தெருவுக்குப் போய் ஒரு இழைப்புளி வாங்கினேன். கைப்பேசியில் ஒருவர் கதவு இழைக்கும் காணொளியை இரண்டு முறை பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே இழைத்தார். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சுருள் சுருளாக மரம் உதிர்வதில் ஒரு போதை இருக்கிறது. முட்டுகிற இடத்தை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு நிறுத்த மனம் வரவில்லை.

"போதும்ங்க, கதவுன்னு கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்," என்றாள் மனைவி.

கதவு வெண்ணெய் மாதிரி மூடியது. அப்பா ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்து, "ம்" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஈர மரத்தை இழைத்தால் என்ன ஆகும் என்று தை மாதத்து வெயில் சொன்னது. ஊதியிருந்த கதவு சுருங்கியது. நான் இழைத்ததும் மரம் தானாகச் சுருங்கியதும் சேர்ந்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவே கட்டைவிரல் போகும் இடைவெளி வந்துவிட்டது. உள்தாழ்ப்பாளின் கொண்டி நிலையில் இருக்கிற துளைக்கு எட்டவில்லை. சாத்தி வைத்தால், பைய நகர்ந்து தானாகத் திறக்கும்.

"கொண்டி விழமாட்டேங்கு. என்னன்னு பாருங்க," என்று மனைவி சொன்னாள்.

"வீட்டுக்குள்ள யாரு வரப்போறா? ஞாயித்துக்கெழம பாக்கேன்," என்றேன். எங்கள் குளியலறை மாடியில் இருக்கிறது. அதன் கொண்டி ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது. அதன்பின் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. எல்லாவற்றிலும் நான் செய்தித்தாள் படித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா குளியலறைக்குள் பஸ் ஓட்ட ஆரம்பித்தார். சரியாகச் சொன்னால் ஓட்டவில்லை, கண்டக்டர் வேலை பார்த்தார். பணிக்காலத்தில் பாதிக்கு மேல் திருநெல்வேலி திருச்செந்தூர் வண்டியில் இருந்தவர் அவர். இப்போது தண்ணீர் திறக்கும் சத்தத்தோடு வண்டி கிளம்பும். "பாளையங்கோட்டை! பாளையங்கோட்டைலாம் எறங்கு!" முதல் செம்புக்குக் கிருஷ்ணாபுரம். சோப்புப் போடும்போது செய்துங்கநல்லூர். ஆழ்வார்திருநகரியில் தலைக்குத் தண்ணீர். குரும்பூர் வரும்போது குரல் கொஞ்சம் ஏறும். அது அக்கா ஊர் என்பதால் நான் போய்க் கட்டிலுக்கடியில் பை இருக்கிறதா என்று பார்ப்பேன். திருச்செந்தூர் வந்ததும் துண்டோடு வெளியே வருவார். மனைவி தென்திருப்பேரையில் காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள்.

யாராவது அந்தப் பக்கம் நடந்தால், "படியில நிக்காத! உள்ள எடமில்ல!" என்று ஒரு அதட்டல் வேறு.

நான் பயந்துபோனேன். வயதானவர்கள் பழைய காலத்துக்கே போய்விடுவதைப் பற்றிப் படித்திருக்கிறேன். படித்தது போதாமல் இன்னும் படித்தேன். சாப்பிடும்போது சாடைமாடையாக விசாரணையும் ஆரம்பித்தேன்.

"இன்னைக்கி என்ன கெழமப்பா?"

"ஏன்? ஒனக்கு லீவா?"

"இல்ல, சும்மாதான். நேத்து ராத்திரி என்ன சாப்ட்டிய?"

"நீ என்ன சாப்ட்டியோ அதான். ஏலே, ஒனக்கு ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?"

அவருக்குத் தெரியாமல் ஒரு டாக்டரிடம் நாள் குறித்தேன். அக்காவிடம் போனில் குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்கு மனசு கொஞ்சம் பின்னால போகுது," என்றேன். அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது. அதை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பங்குனி பிறந்தது. உத்திரத்துக்குத் திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரியில் இருக்கிற எங்கள் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போயாக வேண்டும். அப்பா அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். கண்டக்டராக இருந்தவருக்குப் போனில் மெதுவாகப் பேச வராது. முன்னறையில் இருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஏட்டி, எனக்கு ஒரு கோளாறும் இல்ல. குளிமுறிக் கதவு சாத்தமாட்டேங்கு. மருமவ அங்கன இங்கன நடக்கா. உள்ள ஆளு இருக்குன்னு தெரியாண்டாமா? எவ்வளவு நேரந்தான் இருமிக்கிட்டே குளிக்க?"

அக்கா அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"அவன்ட்ட எப்பிடிச் சொல்ல? ஆசையா அவனே இழைச்சான். சொன்னா சங்கடப்படுவான்." பிறகு சொன்னார்: "உத்திரத்துக்கு வாரேன்லா. கோயிலுக்குப் போயிட்டு அங்கனயே இருந்துக்கிடுதேன்."

நான் குனிந்து பார்த்தேன். கையில் விரித்து வைத்திருந்தது முதுமையில் மறதி பற்றிய கட்டுரை. ஒரு கொண்டி விழாததால் ஒரு மனிதர் ஆடை இல்லாத நேரத்திலெல்லாம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்திருக்கிறார். அதைப் புரிந்துகொள்ள எனக்குக் கட்டுரை தேவைப்பட்டது. அப்போதும் புரியவில்லை.

அன்றே ஒரு மெல்லிய மரச்சட்டத்தை அறுத்து வாங்கி வந்து கதவின் ஓரத்தில் பசையிட்டு ஆணி அடித்தேன். அழகாக இல்லை. கதவுக்குக் கட்டுப் போட்டது போலிருந்தது. ஆனால் கொண்டி துளைக்குள் போய் உட்கார்ந்தது. டாக்டரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை அவர் உள்ளே போனார். கொண்டி விழும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும். பாளையங்கோட்டை வரவில்லை, செய்துங்கநல்லூர் வரவில்லை. மனைவிக்கு எப்போது அடுப்பைப் பற்றவைப்பது என்று தெரியாமல் காப்பி தாமதமானது. அப்பா வெளியே வந்து, கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "விழுதுலே," என்றார். அவ்வளவுதான்.

உத்திரத்தன்று விடியுமுன் கிளம்பினோம். பை காரில் ஏறுகிறதா என்று பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. சாமான்களை மனைவியையே எடுத்துவைக்கச் சொன்னேன். கோயிலில் பொங்கல் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் குரும்பூரில் அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அப்பா இறங்கினார். கை இரண்டும் வெறுங்கை.

"இங்கனயே இருக்கேன்னு சொன்னியளே, பை எங்கப்பா?" என்றாள் அக்கா.

"வீட்டுல கெடக்கு."

எங்கள் வீட்டைத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு அது போதும். அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"அப்ப திரும்பிப் போனதும் துணியெல்லாம் அலமாரில அடுக்கிரலாம்லாப்பா?" என்றேன்.

அப்பா மனைவியைப் பார்த்தார். மனைவி தெருவைப் பார்த்தாள்.

"அலமாரி தொறந்தால்லா அடுக்க," என்றார் அப்பா.

"நீங்க பெயிண்ட் அடிச்சிட்டு, காயுததுக்கு முன்னாலயே சாத்திட்டிய. அன்னைக்கி ஒட்டுனதுதான்," என்றாள் மனைவி. "மாமாதான் ஒங்ககிட்ட சொல்லாண்டாம்னாவ."

"சொன்னா சும்மா இருப்பானா?" என்றார் அப்பா அக்காவிடம். "உடனே உளியத் தூக்கிக்கிட்டு வந்திருவான்."